மார்க் வாங்குகிற பெண்ணுக்கு என்ன குறை?

ஓரிடத்தில் உட்காராத பையனுக்கு நம் ஊரில் எத்தனை பட்டப் பெயர்கள்! வாலு, அறுந்த வாலு, குரங்கு, சரியான துறுதுறு! எல்லாவற்றிலும் பாதி திட்டு, பாதி செல்லம். பெண் குழந்தைகளுக்கு நாம் வைத்திருக்கும் பட்டியலே வேறு. மறதி மண்டு, அசமந்தம், பராக்குப் பார்க்கிறவள், பொறுப்பில்லாதவள், "இவ போற வீட்டுல எப்படித்தான் குப்பை கொட்டப் போறாளோ!" இந்தப் பட்டியலில் செல்லம் கொஞ்சமும் இல்லை, கவனித்தீர்களா?

இரண்டு பட்டியலுக்கும் சில வீடுகளில் ஒரே காரணம்தான் என்று சொன்னால் நம்புவீர்களா? டாக்டர்கள் அதை 'ஏ.டி.எச்.டி.' என்கிறார்கள். தமிழில் கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் கோளாறு என்று எழுதுகிறார்கள். உலகம் முழுவதும் எடுத்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால், நூறு குழந்தைகளில் சுமார் ஐந்து பேருக்கு இது இருக்கிறதாம். பையன்களிடம் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பெண்களிடம், அதிலும் நன்றாகப் படிக்கிற பெண்களிடம், வருஷக்கணக்கில் தப்பிப் போய்விடுகிறது. அதைப் பற்றித்தான் இந்த முறை உங்களோடு பேசப் போகிறேன்.

கவனமே இல்லையா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "என் பெண் கதைப் புத்தகத்தை எடுத்தால் மூன்று மணி நேரம் அசைய மாட்டாள். கோலம் போட உட்கார்ந்தால் சாப்பாடே வேண்டாம். அவளுக்கா கவனக்குறைவு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இந்தக் குழந்தைகளிடம் கவனம் இருக்கிறது. அதை வேண்டிய இடத்துக்கு, வேண்டிய நேரத்துக்குத் திருப்புகிற பிடிதான் கைக்கு அகப்படுவதில்லை. பிடித்த வேலையில் ஒட்டிக்கொள்ளும், பிடிக்காததில் நிற்காது. நேரம் போவதும் தெரியாது. கையில் இருப்பதை எங்கே வைத்தோம் என்பதும் தெரியாது.

மூளையின் வளர்ச்சியோடு சேர்ந்து வருகிற விஷயம் இது. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. அம்மா செல்லம் கொடுத்ததாலோ, சர்க்கரை அதிகம் சாப்பிட்டதாலோ வருவதில்லை. ஆகவே, "உன் வளர்ப்புதான் சரியில்லை" என்று யாராவது சொன்னால், சகோதரிகளே, அதை அந்தக் காதில் வாங்கி இந்தக் காதில் விட்டுவிடுங்கள்.

இதில் மூன்று விதம் உண்டு. ஓட்டமும் துள்ளலும் அதிகம் உள்ள விதம் ஒன்று. கவனம் மட்டும் சிதறுகிற விதம் இரண்டாவது. இரண்டும் கலந்தது மூன்றாவது. பெண் குழந்தைகளிடம் அந்த இரண்டாவது விதம் அதிகம் காணப்படுகிறது. அதில் சத்தம் இல்லை. வகுப்பில் பெஞ்சு மேல் ஏறுவதில்லை, யாரையும் அடிப்பதில்லை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, மனசால் மட்டும் வெளியே போய்வருகிற குழந்தையைப் பற்றி எந்த டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பப் போகிறார்?

பையன்களைப் பார்த்தே எழுதியது

டாக்டர்களுக்கே இது ஏன் தெரியாமல் போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? காரணம் இருக்கிறது. ஜெர்மனியில் ஹாஃப்மன் என்கிற டாக்டர் 1840-களில் குழந்தைகளுக்காக ஒரு படக்கதைப் புத்தகம் எழுதினார. அதில் நாற்காலியை ஆட்டி ஆட்டி, மேஜை விரிப்போடு சாப்பாட்டையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு விழுகிற ஒரு பிள்ளை வருகிறான். வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து தண்ணீரில் விழுகிற பிள்ளை இன்னொருவன். இருவருமே பையன்கள்! 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் செய்தார். அவர் பேசியதும் அடங்காத குழந்தைகளைப் பற்றித்தான்.

அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் நோய்களை வகைப்படுத்தி ஒரு கையேடு வெளியிடுகிறது. 1968-இல் வந்த பதிப்பில் இதற்கு வைத்த பெயரே மிகைத் துடிப்பைக் குறிப்பதுதான். துடிப்பு இல்லாமல் கவனக்குறைவு மட்டும் இருக்கலாம் என்று 1980-இல்தான் சேர்த்தார்கள். இப்போதைய பெயர் 1987-இல் வந்தது. ஏழு வயசுக்கு முன்பே அறிகுறி தெரிய வேண்டும் என்று இருந்த விதியை 2013-இல் 12 வயசு என்று தளர்த்தினார்கள். புத்திசாலிப் பெண் குழந்தைகளுக்கு இது பெரிய உதவி. கீழ் வகுப்புப் பாடத்தை மூளைக் கூர்மையாலேயே சமாளித்து விடுவதால், அவர்கள் தடுமாறுவது வெளியே தெரியவே நாளாகும்.

அமெரிக்காவில் 2022-இல் எடுத்த கணக்கில், 3 முதல் 17 வயசு வரை உள்ள பையன்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இது இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். பெண்களில் நூற்றுக்கு எட்டு பேர்தான். ஆனால் பெரியவர்களான பிறகு டாக்டரிடம் வருகிறவர்களைப் பார்த்தால், ஆணும் பெண்ணும் கிட்டத்தட்டச் சமமாகி விடுகிறார்கள். அந்தப் பெண்களெல்லாம் சின்ன வயசில் எங்கே இருந்தார்கள்? நம் கண்ணெதிரேதான் இருந்தார்கள். "நல்ல பொண்ணு, கொஞ்சம் மறதி" என்று பேர் வாங்கிக்கொண்டு!

என் தங்கை பெண்ணின் கதை

அவள் பத்தாம் வகுப்பில் ஐந்நூற்றுக்கு 471 வாங்கினாள். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். வருஷா வருஷம் ரிப்போர்ட்டில் ஒரே வாக்கியம்: "நல்ல மாணவி. இன்னும் கவனம் செலுத்தினால் முதலிடம் பெறலாம்." இதைப் படித்துவிட்டு யார் டாக்டரிடம் போவார்கள்?

அந்த 471-க்குப் பின்னால் நடந்தது எனக்குத் தெரியும். பக்கத்துத் தெருதான். வருஷத்துக்கு நாலு தண்ணீர் பாட்டில், மூன்று ஜாமெட்ரி பாக்ஸ், குடைக்குக் கணக்கே கிடையாது. ஆறு மணிக்கு எழுப்பினாலும் ஏழே முக்காலுக்கு ஒரு காலில் சாக்ஸும் ஒரு கையில் சாக்ஸுமாக நின்றுகொண்டிருப்பாள். வாசலில் வேன்காரர் ஹாரன் அடிப்பார். மற்றப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வீட்டுப்பாடம் இவளுக்கு மூன்று மணி நேரம். ராத்திரி பன்னிரண்டு வரை விளக்கு எரியும். என் தங்கை பின்னாலேயே ஓடுவாள். "கணக்கு நோட்டு எடுத்தியா? ஐ.டி. கார்டு எங்கே? நாளைக்கு ரெக்கார்டு நோட்டு வைக்கணுமே, எழுதினியா?" தலை பின்னும்போதே பாடத்தை ஒப்பிக்க வைப்பாள். அந்தக் குழந்தைக்கு ஞாபகசக்தியாக இருந்தது அவள் அம்மாதான்.

ஒரு தடவை என்னிடம் சொன்னாள். "பெரியம்மா, டீச்சர் பேசறது நல்லாத்தான் கேக்குது. நடுவுல நடுவுல கரண்ட் போயிட்டு வர்ற மாதிரி இருக்கும். கரண்ட் வந்து பார்த்தா அவங்க வேற பக்கத்துல இருப்பாங்க. மத்தவங்களைக் கேட்டா சிரிப்பாங்கன்னு வீட்டுல வந்து மொத்தத்தையும் மறுபடி படிப்பேன்." பன்னிரண்டு வயசில் இவ்வளவு தெளிவாகச் சொன்னாள். அதற்கு ஒரு மருத்துவப் பெயர் இருக்கும் என்று எங்கள் குடும்பத்தில் யாருக்குத் தெரியும்?

பிறகு வெளியூரில் இன்ஜினியரிங் படிப்பு, ஹாஸ்டல். எழுப்ப அம்மா இல்லை, நினைவுபடுத்த ஆள் இல்லை. முதல் செமஸ்டரிலேயே மூன்று பேப்பர் அரியர். பரீட்சைக்குப் பணம் கட்டுகிற கடைசித் தேதி தப்பிப் போயிற்று. ரூமில் துவைக்காத துணி மலையாகக் கிடந்தது. "ஹாஸ்டல் போனதும் கெட்டுப் போயிட்டா" என்றார்கள் உறவுக்காரர்கள். அவளோ, "நான் எதுக்குமே லாயக்கில்லம்மா" என்று ஒரே அழுகை. சாப்பாடு இறங்கவில்லை. தூக்கமும் போயிற்று.

மனச்சோர்வு என்று நினைத்துத்தான் மனநல டாக்டரிடம் அழைத்துப் போனோம். அந்த அம்மாள் அவசரப்படவில்லை. ஐந்து வயசிலிருந்து நடந்ததையெல்லாம் கேட்டார். பழைய ரிப்போர்ட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். ரத்தப் பரிசோதனை செய்தார். மூன்றாவது முறை போனபோதுதான், "மனச்சோர்வு இருக்கிறது. ஆனால் அதற்கும் கீழே ரொம்ப நாளாக ஏ.டி.எச்.டி. இருந்திருக்கிறது" என்றார். அப்போது அவளுக்கு வயசு 19.

இன்னும் கேளுங்கள். டாக்டர் என் தங்கையைப் பார்த்து, "உங்களுக்கும் சின்ன வயசில் இப்படித்தானா?" என்று கேட்டார். தங்கை கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பால் வாங்கப் போனவள் பாத்திரத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்து நிற்பாள் என்பது எங்கள் வீட்டில் பேர்போன கதை. அதை நினைத்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள். நாற்பது வயசு வரை "கவனமில்லாதவள்" என்று மாமியாரிடமும் புருஷனிடமும் வாங்கிய பேச்சு அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மார்க்கின் விலை

நாம் எல்லோரும் மார்க்கைப் பார்க்கிறோம். அந்த மார்க்குக்குக் குழந்தை என்ன விலை கொடுக்கிறது என்று பார்ப்பதில்லை. புத்திசாலிப் பெண் தன் தடுமாற்றத்தை மறைக்கக் கற்றுக்கொள்கிறாள். திட்டு வாங்கக் கூடாது, யாரும் சிரிக்கக் கூடாது என்று ஒன்றுக்கு மூன்று தடவை சரிபார்க்கிறாள். பள்ளிக்கூடத்தில் முழு நேரமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஒரு சின்ன விஷயத்துக்கு வெடித்து அழுகிறாள். நாம், "பள்ளிக்கூடத்துல அவ்வளவு நல்ல பேரு, வீட்டுல மட்டும் ஏன் இப்படி?" என்கிறோம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், பேராசிரியர் ஸ்டீபன் ஹின்ஷாவும் அவருடைய குழுவினரும் 1997-இல் பெண் குழந்தைகளுக்காகவே ஒன்றைத் தொடங்கினார்கள். இந்தக் கோளாறு உள்ள 140 பெண்கள், இல்லாத 88 பெண்கள், எல்லோரும் 6 முதல் 12 வயசு. கோடை விடுமுறை முகாமில் சேர்த்து, நேரில் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். அந்தப் பெண்கள் பெரியவர்களாகும் வரை விடாமல் தொடர்ந்தார்கள். 2012-இல் வந்த முடிவு மனசைக் கலக்குகிறது. வளர வளர வெளியில் தெரிந்த அறிகுறிகள் பலருக்குக் குறைந்திருந்தன. ஆனால் உள்ளே வேதனை குறையவில்லை. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதும், உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதும் மற்றப் பெண்களைவிட இவர்களிடம் அதிகமாக இருந்தன. முக்கியமாக, சிறு வயதில் துடிப்பும் கவனக்குறைவும் கலந்து இருந்தவர்களிடம்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "பொண்ணுதானே, வளர்ந்தா சரியாப் போயிடும்" என்று விடுகிற விஷயம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பெண்ணுக்கென்று இன்னொன்றும் உண்டு. ஈஸ்ட்ரஜன் என்கிற ஹார்மோனுக்கும், கவனத்துக்கு வேண்டிய டோபமின் என்கிற மூளை ரசாயனத்துக்கும் தொடர்பு இருக்கிறது. அதனால் வயசுக்கு வரும் சமயம், மாதவிலக்குக்கு முந்தைய நாட்கள், பிரசவத்துக்குப் பின், மாதவிலக்கு நிற்கும் காலம் ஆகியவற்றில் தடுமாற்றம் கூடுவதாகப் பல பெண்கள் சொல்கிறார்கள். கல்யாணமும் கைக்குழந்தையும் வந்த பிறகு சமாளிக்க முடியாமல் போய், அப்போதுதான் டாக்டரிடம் வருகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் 2023-இல் சுமார் ஒன்றரைக் கோடிப் பெரியவர்களுக்கு இந்தக் கோளாறு கணக்கில் வந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு அது தெரிந்ததே 18 வயசுக்கு மேல்தான்.

எதைக் கவனிப்பது?

உங்கள் பெண்ணிடம் இவற்றில் பல, ஆறு மாதத்துக்கு மேலாக, வீட்டிலும் பள்ளியிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள்:

* சொன்னதைக் கேட்டுத் தலையாட்டுவாள். ஐந்து நிமிஷத்தில் காற்றோடு போய்விடும்.
* மூன்று வேலை சொன்னால் ஒன்றைச் செய்துவிட்டு நடுவில் நின்றுவிடுவாள்.
* விடை தெரிந்தும் கேள்வியைப் பாதி படித்து விட்டுவிடுவாள்.
* சாமான்களை ஓயாமல் தொலைப்பாள்.
* பாடம் ஆரம்பிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். கடைசி ராத்திரியில்தான் வேகம் வரும்.
* ஓடமாட்டாள், ஆனால் நிறுத்தாமல் பேசுவாள், நகம் கடிப்பாள், முடியைச் சுற்றிக்கொண்டே இருப்பாள்.
* சின்னக் கண்டிப்புக்கும் மனசு உடைந்து போவாள்.

இதைப் படித்துவிட்டு, மறதி உள்ள குழந்தைக்கெல்லாம் இந்த முத்திரையைக் குத்திவிடாதீர்கள்! ரத்தசோகை, தைராய்டு, தூக்கக் குறைவு, பார்வை, காது இவற்றில் கோளாறு இருந்தாலும் கவனம் போகும். வீட்டில் ஓயாத சண்டை என்றாலும் போகும். கண நேரம் நினைவு தப்புகிற ஒரு வகை வலிப்பு உண்டு. அதுவும் வெறித்துப் பார்ப்பது போலவே இருக்கும். எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். நாம் செய்ய வேண்டியது, ஒரு நோட்டில் இரண்டு வாரம் நடப்பதைத் தேதி போட்டு எழுதி, பழைய ரிப்போர்ட்டுகளோடு எடுத்துப் போவது.

எங்கே போவது? குழந்தை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற இலவசத் தொலைபேசி உதவியும் உண்டு. 14416 என்ற எண்ணைச் சுழற்றினால் தமிழிலேயே பேசலாம். பெண் "எனக்கு வாழவே பிடிக்கலை" என்கிற மாதிரி பேசினால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

மருந்து வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லுவார். மெதில்பெனிடேட், அட்டமோக்ஸெடின் போன்றவை கொடுக்கிறார்கள். பலருக்கு நல்ல பலன் தெரிகிறது. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப் போகலாம். அதனால் எடை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மாத்திரையை நம் பிள்ளைக்குக் கொடுக்கிற வேலை மட்டும் கூடவே கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவை

1. ஒரு சமயத்தில் ஒரு வேலை. சமையலறையிலிருந்து கத்தாமல், பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டுச் சொல்லுங்கள்.

2. வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. ஐ.டி. கார்டு, வண்டிச் சாவி, குடை எல்லாம் அதில்தான். பள்ளிப் பை ராத்திரியே அங்கே வந்துவிட வேண்டும்.

3. எதிரே முள் கடிகாரம். இருபது நிமிஷம் படிப்பு, ஐந்து நிமிஷம் எழுந்து நடை. கைப்பேசி அடுத்த அறையில்.

4. டீச்சரிடம் தன்மையாகப் பேசி முன் பெஞ்சில் இடம் கேளுங்கள்.

5. "ஏன் மறந்தே?" என்று கேட்டால் அவளிடம் பதில் இருக்காது. "எங்கே வெச்சா மறக்காது?" என்று கேளுங்கள். யோசிப்பாள்.

6. நீங்களே அவள் ஞாபகசக்தியாக இருந்தால், ஹாஸ்டலுக்கோ கல்யாணத்துக்கோ வெகு முன்பே அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் கைக்கு மாற்றுங்கள். இந்த மாதம் அலாரம், அடுத்த மாதம் பை, அதற்கு அடுத்த மாதம் கைச்செலவுப் பணம் என்று.

தன்னிடமே இது இருக்குமோ என்று தோன்றுகிற சகோதரிகளுக்கும் இதே வழிதான். என் தங்கை இப்போது பால் குக்கர் வாங்கிவிட்டாள், விசில் கூப்பிடுகிறது. கேஸ் புக் செய்கிற தேதி, கரண்ட் பில் தேதி எல்லாம் தினசரிக் காலண்டரில் முன்கூட்டியே சிவப்பு மையில் எழுதியாகிறது. அவளும் டாக்டரைப் பார்த்து வருகிறாள். "எனக்குப் புத்தி இல்லைன்னு நெனச்சேன்க்கா. இப்ப அந்தப் பாரம் இறங்கிடுச்சு" என்கிறாள். பெண்ணோ அரியர்களில் இரண்டை முடித்துவிட்டாள். மூன்றாவது பாக்கி இருக்கிறது. எழுதட்டும், அவசரமில்லை.

பரீட்சை ரிப்போர்ட் வருகிற நாளில் ஒரு காரியம் செய்யுங்கள், சகோதரிகளே. கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் பெண்ணை அருகில் உட்கார வைத்து, "இதுக்கு நீ எவ்வளவு கஷ்டப்பட்டே?" என்று கேளுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, அவள் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். மார்க்கைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.